கிட்டாருக்குப் பத்தாயம்

பொன்னி இன்னிசைக் குழுவின் கிட்டார்காரன் பரணிதரனுக்குத் தை மாசக் கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேடையில் ஆடிக் குதித்துப் பிடித்திருந்தால் ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும். திருவாரூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு, கச்சேரியெல்லாம் முடிந்துவிட்டது. தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் குட்டி யானை வேனில் ஏற்றுகிறேன் பேர்வழி என்று குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். குனிந்த வாக்கிலேயே அவனையும் பெட்டியோடு வேனில் ஏற்றி, குத்தாலத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கதவைத் திறந்த மேகலா, புருஷன் தரையில் எதையோ தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டு தானும் கொஞ்ச நேரம் தேடினாள்.

தஞ்சாவூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இனிமே கனம் தூக்கக் கூடாது."

"கிட்டார் தூக்கலாமா டாக்டர்?"

"அது தூக்கலாம். அதோட வேற என்ன தூக்குறீங்க?"

பரணி இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். "அது கூடாது" என்று சொல்லி டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதில் என்ன பெரிய சிக்கல், வேறு யாராவது தூக்கிவிட்டுப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். உங்களுக்குத் துரைராசுவைத் தெரியாது. குழுவின் முதலாளி அவர்தான், முன்னணிப் பாடகரும் அவர்தான், பாட்டு இல்லாத நாளில் பந்தல் கான்ட்ராக்டரும் அவர்தான். அவருடைய குழுவில் ஒரே ஒரு சட்டம் உண்டு: அவனவன் பெட்டி அவனவன் பொறுப்பு. டிரம்ஸ்காரன் டிரம்ஸைத் தூக்குவான், கீபோர்டு வாசிக்கும் பூர்ணிமா கீபோர்டைத் தூக்குவாள். துரைராசு தன் தொண்டையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வருவார்.

"நீ சங்கடப்படாத பரணி" என்றார் அவர், ரொம்பப் பிரியமாக. "பூர்ணிமா கீபோர்டுல இருபத்தாறாம் நம்பர அமுக்குனா கிட்டாரு சத்தம் வருது. நீ வீட்டுல படுத்து ரெஸ்ட் எடு. யாருக்குத் தெரியப் போவுது?"

இந்த 'யாருக்குத் தெரியப் போவுது' இருக்கிறதே, அது பரணியின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. இருபது வருஷமாக விரல் காய்த்துப் போக வாசித்தவன். அவன் போனால் ஒருத்தருக்கும் தெரியாதாமே. சோறு இறங்கவில்லை. பூர்ணிமாவுக்கே பொறுக்கவில்லை. "நான் வேணும்னா அந்த நம்பர் ரிப்பேர்னு சொல்லிடவாண்ணே?" என்று போனில் கேட்டாள். நல்ல பெண். பொய் சொன்னால் அவளுக்கு உடனே விக்கல் வந்துவிடும், அதனால் வேண்டாம் என்றுவிட்டான்.

கடைசியில் துரைராசு ஒரு கெடு வைத்தார். "மாசி மாசம் கீழமாந்தோப்பு நாகநாதன் வீட்டுல பேரனுக்குக் காதணி விழா. அதுக்குள்ள தூக்காம வாசிக்க வழி பண்ணிக்க. இல்லன்னா இருபத்தாறுதான்."

தூக்காமல் வாசிக்க வழி, கூத்தாநல்லூரில் உபைதுல்லா பாய் கடையில் இருந்தது. பாய் ஷார்ஜாவில் ஒரு வாத்தியக் கடையில் பல வருஷம் நின்றவர். ஊருக்கு வந்து வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். அத்தர், கம்பளி, டார்ச் லைட், பேரீச்சம்பழம் இவற்றுக்கு நடுவே, யார் கேட்பார்கள் என்று கவலையே படாமல், ஆம்ப் மாடலர் என்ற மெஷினில் மூன்று வகை வாங்கி அடுக்கியிருந்தார். உலகத்தில் யார் யாரோ எப்போதோ செய்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளின் சத்தத்தையெல்லாம் கணக்காகப் போட்டு உள்ளே வைத்திருக்கும். கிட்டார் வயரை இதில் செருகி, இதிலிருந்து ஒரு வயரை நேராக மைக் செட்டுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பெட்டியே வேண்டாம்.

"இருநூறு பெட்டி இதுக்குள்ள இருக்கு பரணி" என்றார் பாய். "எதையும் தூக்க வேணாம்."

முதல் மெஷினுக்குப் பெரிய கண்ணாடித் திரை, விரலால் தடவித் தடவி மாற்ற வேண்டும். பரணி தடவிப் பார்த்தான். பந்தலுக்குக் கீழே மாசி வெயிலில் வேர்த்த விரலால் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது மாறும், சோகப் பாட்டில் குத்துப் பாட்டுச் சத்தம் கிளம்பும். வேண்டாம். இரண்டாவதைச் செல்போனிலிருந்துதான் மாற்ற முடியும். பாட்டு நடுவில் மேகலா போன் பண்ணி மாவு வாங்கி வரச் சொன்னால் என்ன ஆவது? அதுவும் வேண்டாம். மூன்றாவதுக்குக் காலால் மிதிக்கிற நாலு பொத்தான், திருக ஐந்தாறு குமிழ், அவ்வளவுதான். பரணி செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தான்.

"எதுக்குச் செருப்பக் கழட்டுற?"

"மேடையில சாமி படமும் குத்துவிளக்கும் இருக்கும் பாய். வெறுங்காலோடதான் நிப்போம். கட்ட விரல் வலிக்கக் கூடாதுல்ல."

ஷார்ஜாவில் இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்று பாய் அசந்துபோனார். பேரீச்சம்பழம் நிறுக்கிற தராசில் மெஷினை வைத்துக் காட்டினார். ஒரு பூசணிக்காய் கனம்கூட இல்லை. பரணிக்கு அங்கேயே பாதி இடுப்பு சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஹெட்போன் போட்டு வாசித்தான். அடேயப்பா, என்ன சத்தம். பத்தாயிரம் பேர் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. மேகலாவும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு டிவி ஸ்பீக்கரில் கொடுத்தான். தகர டப்பாவுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மேகலா முகத்தை ரொம்ப ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டு, "பழகினா நல்லா இருக்கும்" என்றாள்.

பாய்க்குப் போன் போட்டான். "ஹெட்போன்ல இனிக்கறது மேடையில இனிக்காது" என்றார் பாய். "மைக் செட்டு போட்டு, கச்சேரியில எவ்வளவு சத்தம் வைப்பீங்களோ அவ்வளவு வச்சுத் திருகு. எதிரொலிய நல்லா குறைச்சிடு. அடிச் சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் கொஞ்சம் வெட்டு. அப்பதான் பாட்டு சத்தத்துக்கு நடுவுல கிட்டார் தனியாத் தெரியும்."

துரைராசுவின் பந்தல் கொட்டகை வயலோரத்தில் இருந்தது. அங்கே குழுவின் ஸ்பீக்கர்களைப் போட்டு, பரணி ஒரு வாரம் திருகினான். கொக்குகள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன. கடைசியில் நாலு பொத்தானுக்கும் நாலு சத்தம் படிந்தது. மெல்லிசைக்குத் 'தூறல்', கும்மாளப் பாட்டுக்கு 'மழை', குத்துப் பாட்டுக்கு 'இடி', தனியாக வாசிக்கும் இடத்துக்கு 'வெள்ளம்'. மெஷினில் அப்படியே பேர் வைத்துக்கொண்டான். டெல்டாக்காரனுக்கு வேறு என்ன பேர் தோன்றும்?

ஒரே ஒரு குறை இருந்தது. கரண்ட் ஒரு கண் சிமிட்டினாலும் மெஷின் அணைந்துவிடும். திரும்ப உயிர் வந்து சத்தம் கொடுக்க ஒரு நிமிஷமாவது ஆகும். மேகலாதான் வீட்டுக் கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸைக் கழற்றிக் கொடுத்தாள். "இத நடுவுல வச்சுக்கங்க. கரண்டு போனாலும் இது தாங்கும்." இப்படிக் கிட்டார், மெஷின், யுபிஎஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு, யாருக்கும் கடன்படாத மனிதனாக, மாசி மாச முகூர்த்த நாளில் பரணி கீழமாந்தோப்பில் போய் இறங்கினான்.

நாகநாதன் வீட்டு வாசலில் தெரு அடைத்துப் பந்தல். பேரன் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ஃபிளெக்ஸ் பேனர்கள். காலையிலேயே தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியாகிவிட்டது. பையன் அழுது ஓய்ந்து, பதினோரு மணிக் கச்சேரிக்காகக் காதைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். கொல்லைப்புறத்தில் கிடாக்கறி வெந்துகொண்டிருந்தது. நாகநாதன் பட்டு வேட்டியில் மேடைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"டிரம்ஸ் வந்துட்டு. கீபோர்டு வந்துட்டு. கிட்டாரு பெட்டி எங்கப்பா?"

பரணி பெருமையாகக் காலடியைக் காட்டினான். "இதாங்க."

நாகநாதன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. "போன வருஷம் என் தம்பி பொண்டாட்டி அகிலாண்டம் வீட்டு விசேஷத்துல கிட்டாருக்கு ஆள் உசரத்துக்குப் பெட்டி வச்சாங்க. இன்னைக்கு அவ முத ஆளா வந்து முன்வரிசையில உக்காந்திருக்கா. எங்க வீட்டுல டிபன் டப்பாவா?"

விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் பாகப் பிரிவினை ஆனதிலிருந்து ஆகாது. நிலத்தைக்கூடச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். அப்பா காலத்து நெல் பத்தாயம் இரண்டு இருந்தது, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. எது யாருக்கு என்பதில் பேச்சு நின்றது நின்றதுதான். விசேஷத்துக்கு மட்டும் வருவார்கள், குறை கண்டுபிடிக்க.

பரணி பொறுமையாக விளக்கினான். "ஐயா, இந்த டப்பாக்குள்ள இருநூறு பெட்டி இருக்குங்க."

"அப்ப ஒண்ண வெளிய எடுத்து வைங்க" என்றார் நாகநாதன்.

துரைராசு பரணியின் காதோரம் வந்து, "இருபத்தாறு" என்று முணுமுணுத்தார். ஆனால் நாகநாதன் விடுகிற ஆள் இல்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார், நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். அப்பா விட்டுப் போன பத்தாயம் அங்கே ஆள் உயரத்தில் கறுத்து நின்றுகொண்டிருந்தது. பலகை அடித்த நெல் பெட்டி. மேலே மூடி, அடியில் நெல்லை எடுக்க ஒரு சின்ன வாய், அந்த வாய்க்கு இழுத்து மூடும் ஒரு பலகை.

"இது ஆவுமா?" என்றார்.

ஆகாது என்று சொல்லப் பரணி வாயைத் திறப்பதற்குள் துரைராசு, "பேஷா ஆவும்" என்றுவிட்டார்.

"உள்ள நெல்லு இருக்கேங்க, காலி பண்ணிடலாமா?" என்று யாரோ கேட்டார்கள். நாகநாதனின் மனைவி கமலாம்பாள் அடுப்பங்கரையிலிருந்தே, "நல்ல நாளும் அதுவுமா பத்தாயத்தக் காலி பண்ணுவாங்களா?" என்று ஒரு போடு போட்டாள். ஆகவே விதைநெல் பாதி நிரம்பிய பத்தாயம் நெல்லோடு புறப்பட்டது. நெல் கொள்முதல் நிலையத்து லோடுமேன்களைக் கூப்பிட்டு, மூங்கிலைக் கீழே உருட்டி, கயிறு கட்டி இழுத்தார்கள். துரைராசு அப்போதும் விடவில்லை. "பரணி, உன் பெட்டிதானே, நீயும் ஒரு கை வை." டாக்டர் முகத்தை நினைத்துக்கொண்டு பரணி இரண்டு விரலை வைத்தான்.

மேடையேறியதும் துரைராசுவுக்குள் இருந்த பந்தல் கான்ட்ராக்டர் விழித்துக்கொண்டார். கறுப்புத் துணி போர்த்தினார். முன்பக்கம் கொசுவலை அடித்தார். ஊறுகாய் பாட்டில் மூடி நாலை வரிசையாக ஒட்டினார், அதுதான் குமிழ்கள். சீரியல் செட்டிலிருந்து ஒரு சிவப்பு பல்பை மேலே தொங்கவிட்டார். பூர்ணிமா ஒரு வயரைக் கொண்டுபோய்த் துணிக்கடியில் செருகிவிட்டு வந்தாள். அது உள்ளே எதிலும் போய்ச் சேரவில்லை.

"ஒயர் போவுதா?" என்று கேட்டார் நாகநாதன்.

"போவுதுங்க" என்ற பூர்ணிமாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

கச்சேரி ஆரம்பித்தது. பரணி 'தூறலை' மிதித்தான். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வாரம் திருகியது வீண் போகவில்லை. பாட்டுக்கு நடுவே கிட்டார் தெளிவாக, மணி மணியாக வந்தது. பந்தலின் இரண்டு பக்கமும் நின்ற மைக் செட் ஸ்பீக்கரில்தான் வந்தது, ஆனால் ஜனம் முழுக்கப் பத்தாயத்தைப் பார்த்துத் தலையாட்டியது. மூன்றாவது பாட்டுக்குள் நாகநாதன் விருந்தாளிகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்துவிட்டார். "ரெண்டாயிரம் வாட்ஸ். ஜப்பான்ல செஞ்சது." தன் கூடத்திலிருந்து தன் கண் முன்னால் தூக்கி வந்த பத்தாயம். கமலாம்பாள் பதறிக்கொண்டு வந்து, "கூடத்துல பத்தாயத்தக் காணுமேங்க, எங்க கொண்டு போனாங்க?" என்று கேட்டபோது, "கச்சேரி முடியட்டும், தேடுவோம்" என்று நிஜமாகவே கவலையோடு சொன்னார்.

அகிலாண்டம் மட்டும் தலையாட்டவில்லை. நாற்பத்தைந்து வயது, கெட்டிக்காரி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, நேராக மேடைக்கு ஏறி வந்தாள். கறுப்புத் துணியில் காதை வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நாகநாதனைப் பார்த்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "இதுல சத்தமே வரலையே" என்றாள்.

நாகநாதனுக்கு வேர்த்தது. துரைராசுவுக்குப் பாட்டு மறந்தது. அதே சமயம் பரணி தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. என்ன செய்வான், 'வெள்ளத்தை' மிதித்தான். அகிலாண்டமோ அந்த வீட்டில் மருமகளாக இருந்த காலத்தில் இதே பத்தாயத்திலிருந்து எத்தனையோ தடவை நெல் அளந்தவள். துணிக்கடியில் கையை விட்டாள். பார்க்காமலே சரியான இடத்தில் பலகையைப் பிடித்து இழுத்தாள்.

பரணி கம்பியை இழுத்து முதல் ஸ்வரத்தைப் பிடித்தான். பத்தாயம் கொட கொடவென்று நெல்லைக் கொட்டியது.

பந்தலே எழுந்து நின்றது. ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் ஓடிவந்து முந்தானையை ஏந்தினார்கள். அகிலாண்டம் கையில் பலகையோடு திகைத்து நின்றாள். அம்பலப்படுத்த வந்தவளை எல்லோரும் ஏதோ பூசாரி மாதிரி பார்த்தார்கள். நாகநாதன் சுதாரித்துக்கொண்டு, "நம்ம வீட்டுப் பெட்டி அப்படித்தான்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

துரைராசுவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நேரம் தெரிந்தவர். மைக்கைப் பிடித்து, "கிட்டாரு வாசிக்க வாசிக்க நெல்லு கொட்டும்" என்று அறிவித்துவிட்டார். பலகையை அகிலாண்டத்திடமிருந்து வாங்கி, பாட்டில்லாமல் சும்மா நின்ற டோலக்குக்காரனைப் பத்தாயத்தடியில் உட்கார வைத்தார். கிட்டார் வந்தால் திற, நின்றால் மூடு. இதற்குள் கமலாம்பாளுக்குப் பத்தாயம் எங்கே போயிற்று என்று புரிந்துவிட்டது. காலியாகிவிடுமே என்ற பயத்தில் அவள் மரக்கால் எடுத்து வந்தாள், ஏணி போட்டாள். கீழே கொட்டுகிற நெல்லை அள்ளி அள்ளி மேலே ஊற்றினாள். நெல் கீழே இறங்கி மேலே ஏறி, திரும்பக் கீழே இறங்கியது. "கிட்டாரு, கிட்டாரு" என்று கூட்டம் கத்தியது. இருபது வருஷத்தில் பரணிக்கு இப்படி ஒரு கூப்பாடு கேட்டதில்லை. யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது மணி பன்னிரண்டு. ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்ட மாசம், ஊரில் எல்லோருக்கும் போர் மோட்டார்தான் கதி. மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வருமோ என்று வயலில் போய் நிற்காமல் இருக்க, ஒருத்தர் விடாமல் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும். வந்தது. கீழமாந்தோப்பில் உள்ள அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் கிளம்பின. பந்தலில் ஃபேன் சோர்ந்தது, பல்பு மங்கியது, பரணியின் காலடியில் மெஷின் அணைந்தது.

யுபிஎஸ் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அது நன்றாகத்தான் வேலை செய்தது. கச்சேரிக்கு முன்பே துரைராசு அதில் இருந்த பரணியின் பிளக்கைப் பிடுங்கிப் பந்தல் கரண்டில் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் தன் புகை மெஷினைச் செருகியிருந்தார். மேடையில் புகை மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது.

தனி வாசிப்பின் நட்ட நடுவில் பரணியின் கிட்டார் ஊமையாகிவிட்டது. விரல் ஓடுகிறது, சத்தம் இல்லை. மெஷினை மிதிக்கிறான், அது மெல்ல மெல்லக் கண் விழிக்கிறது. பூர்ணிமா அவன் முகத்தைப் பார்த்தாள், பாவம், வேறு வழியில்லாமல் இருபத்தாறை அமுக்கி வாசித்தாள். டோலக்குக்காரன் பலகையை மூடவே இல்லை. நெல் கொட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கச்சேரியில் விழுந்த கைதட்டல்களிலேயே பெரிய கைதட்டல் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் விழுந்தது. மெஷினுக்கு உயிர் வந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

துரைராசு வந்து தோளில் கை போட்டார். "பாத்தியா? யாருக்காவது தெரிஞ்சுதா? நான் அப்பவே சொன்னேன். இனிமே பத்தாயம், பூர்ணிமா, இருபத்தாறு. நீ நிம்மதியா ரெஸ்ட் எடு பரணி." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பரணி வயர்களைச் சுருட்டி, மெஷினைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். ஒரு வாரம் வயலோரம் உட்கார்ந்து திருகினதெல்லாம் எதற்கு, அந்த ஊறுகாய் மூடிக்குத் தெரியுமா என்று இருந்தது.

பந்தியில் ஒரே ஒரு இலைதான் காலியாக இருந்தது, அகிலாண்டத்துக்குப் பக்கத்து இலை. நாகநாதன் வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? பரணி உட்கார்ந்தான். எதிர் வரிசையில் துரைராசு எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்.

"கிட்டாரு நீங்கதானே?" என்றாள் அகிலாண்டம்.

"ஆமாங்க."

"நடுவுல நின்னு போச்சே, ஏன்?"

பரணி பிசைந்த சோற்றை அப்படியே விட்டான். "எப்ப?"

"கரண்டு கம்மியாச்சுல்ல, அப்பதான். அந்தப் பொண்ணு வாசிச்சு சமாளிச்சுது. நல்லாத்தான் சமாளிச்சுது, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அது கிட்டாரு மாதிரி இருந்துச்சே ஒழிய கிட்டாரு இல்ல. நீங்க கம்பிய இழுத்து விடுறப்ப ஒரு அழுகை மாதிரி வந்துச்சு பாருங்க, அது அதுல வரல."

எதிரே எலும்பு கடிக்கிற சத்தம் நின்றது.

"உங்களுக்குச் சங்கீதம் தெரியுங்களா?" என்று கேட்டான் பரணி.

"எனக்கு என்ன சங்கீதம் தெரியும். எங்க மூத்தாரு வீட்டு விசேஷத்துல ஒரு குறையாவது சிக்காதான்னு காலையிலேருந்து காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். கறியில உப்பு சரியா இருக்கு, பந்தல்ல ஓட்டை இல்ல, ஐஸ்கிரீம்கூட உருகல. ஒவ்வொரு சத்தமா கேட்டேன், ஒண்ணு விடாம. கெடைச்சது அது ஒண்ணுதான்."

பரணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இருபது வருஷத்தில் அவன் வாசிப்பை ஒண்ணு விடாமல் கேட்ட முதல் மனுஷி இவள்தான், அதுவும் வயிற்றெரிச்சலில். பரிமாற வந்தவர் கறி ரொம்பக் காரமோ என்று நினைத்து மோர் ஊற்றிவிட்டுப் போனார்.

"சித்திரையில எங்க வீட்டுல சின்னவனுக்குக் காதணி" என்று அகிலாண்டம் துரைராசுவைப் பார்த்துச் சொன்னாள். "இவருதான் வாசிக்கணும். அந்தக் கீபோர்டு வேலையெல்லாம் என்கிட்ட ஆவாது. நின்னுச்சுன்னா நானே எழுந்து மைக்குல சொல்லிடுவேன்."

"சேச்சே, பரணி இல்லாம கச்சேரியா" என்றார் துரைராசு. "அவன்தாம்மா குழுவுக்கே உசுரு." சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. பரணியைத் தவிர வேறு யாராவது கேட்டால் நம்பிவிடுவார்கள்.

"இன்னொண்ணு" என்றாள் அகிலாண்டம். "பாகம் பிரிச்சப்ப பெரிய பத்தாயம் எங்களுக்குத்தான் வந்துச்சு. அவங்களோடது சின்னது. எங்க விசேஷத்துல அதத்தான் மேடையில வைக்கணும்."

பரணி அவளைப் பார்த்தான். "அதுல சத்தம் வராதுங்களே. நீங்கதானே காத வச்சுக் கேட்டீங்க."

"வராதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க மூத்தாரு முன்வரிசையில உக்காந்து பாக்கணும்ல."

துரைராசு இலையை மடித்துவிட்டு எழுந்தார். "பேஷா வச்சிடலாம்மா. பரணி, நம்ம சட்டம் உனக்குத் தெரியும். உன் பெட்டி உன் பொறுப்பு."

பரணி இடுப்பை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அதுலயும் நெல்லு இருக்குங்களா?"

"விளிம்பு வரைக்கும்" என்றாள் அகிலாண்டம்.

"தூக்கிடலாங்க" என்றான் பரணி. மோர் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டான்.